மஞ்சள் டேப் ஒட்டிய சக்கர நாற்காலி

சாஹிராவுக்கு இரண்டு கால்களும் நன்றாக இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் கடை வாசலில் நடந்து போவதைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், பரவால்ல, புள்ள நடக்குது" என்று மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் இன்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு எந்த நோயும் வந்ததில்லை. அவள் வாங்கியதெல்லாம் ஒரு பட்டம் மட்டும்தான்.

இப்போது அவள் ஒரு சின்ன இணைய இதழில் எழுதுகிறாள். தனபாலனின் சக்கர நாற்காலியைப் பற்றி அவள் எழுதியதைப் படித்தவர்கள் என்னிடம் வந்து, "இவ்வளவும் தெரிஞ்சும் படிக்கும்போதே ஏன் எழுதல?" என்று கேட்கிறார்கள். நாக்கைச் சுழற்றிக் கேட்பது சுலபம். அவளோடு ஒரே வகுப்பில் படித்து, அவளோடு சேர்ந்து அலைந்தவள் என்ற முறையில் நான், அகல்யா, அதற்குப் பதில் சொல்கிறேன்.

சாஹிராவின் அப்பா நைனா முகம்மது புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் கடை வரிசையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகள் மருந்தாளர் ஆவாள், இல்லாவிட்டால் கணக்காளர் ஆவாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த மனிதர். அவள் பத்திரிகைத் துறை படிக்கப்போகிறேன் என்றதும் கருவாட்டு மூட்டையிலிருந்து தலையைத் தூக்கி, "பேப்பர்ல வேலையா? பேப்பர்ல நான் கருவாடு கட்டுறேன்" என்றார். அவர் சொன்னதில் இருந்த உண்மை எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது.

நாங்கள் படித்தது ஆயர் குரோ பக்கம் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். கட்டடம் பெரிது, நூலகம் சிறிது, கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கடைசி ஆண்டில் எங்களுக்குப் புலனாய்வு இதழியல் என்று ஒரு பாடம் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாடம் நடத்த டாக்டர் தினேஷ்வரன் உள்ளே வந்ததும் கூச்செறிந்தது எல்லாம் அடங்கிவிட்டது.

டாக்டர் தினேஷ்வரனை மலாக்காவில் எந்த மண்டபத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாம். விரிவுரையாளர் வேலைக்கு வருவதற்கு முன் நீண்ட காலம் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்தி எழுதியவர். வந்த பிறகும் விடவில்லை. அவர் செய்தி எல்லாம் ஒரே அச்சு. தலைவர் வந்தார், மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், தலைவர் பேசினார், பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பித்தார்கள். மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே இருந்தவர்கள் குறைவாக இருந்தாலும் அது திரள்தான். தம் வாழ்நாளில் அவர் புலனாய்ந்து கண்டுபிடித்த பெரிய உண்மை, எந்த மண்டபத்தில் ஆட்டிறைச்சி போடுவார்கள் என்பதுதான். அப்படிப்பட்டவர் எங்கள் முன் நின்று, "அதிகாரத்திடம் கேள்வி கேட்பவனே பத்திரிகையாளன்" என்று திரையில் எழுதிக் காட்டினார். ஏர்கண்டிஷனில் எங்களுக்குப் பல் கிட்டித்தது. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

பாடத்தின் முடிவில் ஒரு பெரிய ஆய்வு சமர்ப்பிக்க வேண்டும். சிலர் தெரு நாய்களை எடுத்தார்கள். சிலர் மலாக்கா டவுனில் ஓடும் அலங்கார ரிக்‌ஷாக்களை எடுத்தார்கள். நான் தேங்காய்ப்பால் ஊற்றிய ஐஸ் செண்டோலில் எவ்வளவு சீனி போடுகிறார்கள் என்று எழுதலாம் என்றேன். ஆய்வு என்ற பெயரில் செண்டோலாவது சாப்பிடலாம் அல்லவா. சாஹிரா இன்னும் எதையும் எடுக்கவில்லை.

அந்த வாரம் அவர்கள் கடைக்குப் போயிருந்தேன். அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவருக்கு நெத்திலி கட்டிக்கொண்டிருந்தாள். கடையில் பழைய தமிழ்ப் பேப்பர்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். முட்டை, கருவாடு, வெங்காயம் எல்லாம் அதில்தான் மடியும். திடீரென்று அவள் கை நின்றுவிட்டது. நெத்திலியைத் திரும்பக் கொட்டிவிட்டு அந்தத் தாளை விரித்துப் பார்த்தாள். வாங்க வந்தவர் விழித்தார்.

"அகல்யா, இங்க வா டி. இதப் பாரு."

தாளில் ஒரு படம். சக்கர நாற்காலி ஒன்றைத் தலைவர் ஒருவர் ஒரு பெண்மணிக்கு வழங்குகிறார். அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவி அதன் பக்கத்தில் வைத்தாள். வேறு ஊர், வேறு ஆள், வேறு மாதம். அதே தலைவர்.

"நாற்காலியப் பாரு டி. இடது பக்கம் கை வைக்கிற எடம். மஞ்சள் டேப்."

"மஞ்சள் டேப் எல்லாக் கடையிலயும் விக்குது லா."

"நாங்களும்தான் விக்கிறோம். ஆனா ரெண்டு பேரு ஒரே மாதிரி கோணலா சுத்துவாங்களா? இதுலயும் நுனி தொங்குது, அதுலயும் தொங்குது."

நெத்திலி வாங்க வந்தவரை நைனா முகம்மது கவனித்து அனுப்பினார். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து மீதிக் கட்டுகளைப் பிரித்தோம். அதே நாற்காலி ஒரு கோயில் திருவிழாவில் இருந்தது, ஒரு பள்ளி மண்டபத்தில் இருந்தது, ஒரு தீபாவளி விருந்தில் இருந்தது. உட்கார்ந்திருந்த ஆள்தான் ஒவ்வொரு தடவையும் மாறியிருந்தார். எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டு நின்றவர் ஒருவர்தான், ஒளிச்சுடர் நற்பணி மன்றத் தலைவர் தனபாலன்.

தனபாலனைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் போதும். அவர் வீட்டு வாசலில் பித்தளையில் பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் அவர் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. அரசாங்கத்தின் டத்தோ பட்டம் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று பலகை செய்த அன்றே விட்ட இடம். பட்டம் இன்னும் வரவில்லை. பலகையைத் தினமும் துடைக்கிறார்கள்.

படங்களில் இருந்தவர்களில் முகவரி சுலபமாகக் கிடைத்தது மாயாண்டி என்பவருடையது. சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவர். இனிப்பு நீர் வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என் அண்ணனின் மைவி காரை வாங்கிக்கொண்டு ஒரு காலையில் நானும் சாஹிராவும் போனோம்.

வாசலில் காரை நிறுத்திவிட்டு நான் கேமராவை வெளியே எடுத்தேன். அதுதான் நான் செய்த ஒரே காரியம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாயாண்டி கேமராவைப் பார்த்த உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"மீனம்மா, அந்த ஊதாச் சட்டைய எடு. ஆளுங்க வந்துட்டாங்க."

நாங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. மீனம்மா சட்டையைப் போட்டுவிட்டார். மாயாண்டி கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தலையை மட்டும் என் பக்கம் திருப்பிச் சிரித்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

"அங்கிள், நாங்க ஒண்ணும் கொண்டு வரல" என்றாள் சாஹிரா.

"பரவால்லம்மா. மொதல்ல படத்த எடுத்துக்குங்க. சாமான் அப்புறமா வரட்டும். போன தடவையும் அப்படித்தான்." கையை மடக்காமலே சொன்னார். "கை அங்க நீட்டணும், மூஞ்சி இங்க பாக்கணும். எனக்குத் தெரியும். உங்க தலைவரு எந்தப் பக்கம் நிப்பாரு?"

நான் கேமராவைக் கீழே இறக்கினேன். அரிசிப் பொட்டலம், போர்வை, தீபாவளிக் கூடை என்று எத்தனை பேர் அந்த மனிதரைப் படம் எடுத்துப் பழக்கியிருக்க வேண்டும். தோட்டத்தில் குலை அறுக்கக் கற்றுக்கொண்ட மாதிரி, இதையும் ஒரு வேலையாகக் கற்று வைத்திருந்தார்.

சாஹிரா அவர் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தாள். நாங்கள் மாணவிகள் என்று சொன்னோம். மீனம்மா மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். பிறகுதான் நாற்காலியைப் பற்றிப் பேச முடிந்தது. வழங்கிய அன்றே, மண்டபத்து வாசலிலேயே, மன்றத்துப் பெயரை ஒட்டிக் கொண்டுவந்து தருகிறோம் என்று எடுத்துப் போயிருக்கிறார்கள். அதோடு சரி.

"நீங்க கேக்கலியா அங்கிள்?"

"பெரிய மனுசங்க, ஆயிரம் சோலி இருக்கும்ல? மறந்திருப்பாங்க. நாம போயி நச்சரிச்சா நல்லாவா இருக்கும்?"

மீனம்மா அவரைப் போல் நயமாகப் பேசவில்லை. என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் குளியலறையைக் காட்டினார். வீட்டுக்கு வெளியே, சிமெண்டுப் பாதையின் கோடியில் இருந்தது. மாயாண்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்து அங்கே இழுத்துப் போவதும் திரும்ப இழுத்து வருவதும் அவர்தான். இழுத்து இழுத்து நாற்காலியின் ஒரு கால் வெடித்திருந்தது. ரஃபியா கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார். மீனம்மாவின் இடுப்பில் மருத்துவர் கொடுத்த பட்டை இருந்தது.

"ஒரு நாளு நானும் படுத்துட்டேன்னா ரெண்டு பேரும் தரையிலதான் கெடக்கணும். வேற யாரு இருக்கா? அவருக்கு ரோட்டுக் கடை வரைக்கும் போயி ஒரு கோப்பி குடிக்கணும்னு ஆசை. அந்த ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இந்த வாசப்படிய தாண்டல" என்றார்.

திரும்பும் வழியில் சாஹிரா திரும்பித் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தாள். பிறகு, "அந்த நாற்காலி அவங்க வீட்டுக்குள்ள நிக்கணும் டி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள். நான் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுத் திட்டத்தைக் கொண்டுபோய் டாக்டர் தினேஷ்வரனிடம் காட்டினோம். படங்களை மேசைமேல் பரப்பினோம். அவற்றில் பாதி அவரே எடுத்தவை. முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் விரிவுரையாளர் அல்லவா, சமாளித்துக்கொண்டார்.

"நல்ல கோணம். ஆனா மறுதரப்பு என்ன சொல்றாங்க? ஒரு பக்கத்த மட்டும் எழுதுறது இதழியல் இல்ல."

"அவரயும் கேக்கத்தான் போறோம் சார்."

"நீங்க கேக்க வேணாம். சின்னப் பிள்ளைங்க. நானே பக்குவமா கேக்குறேன்."

நாங்கள் கதவைத் தாண்டவில்லை. அதற்குள் போனில் பேசும் அவர் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "அண்ணே, வணக்கம்ணே. ஒண்ணும் இல்லண்ணே, நம்ம பிள்ளைங்கதான்..." ஆதாரத்தைப் பாதுகாப்பது எப்படி என்று முந்தின வாரம்தான் அவர் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்.

தனபாலன் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். கூடவே மன்றச் செயலாளர் பிரவின், கையில் ஒரு பொன்னாடை. ஒன்றும் புரியாத நைனா முகம்மதுவின் தோளில் அதைப் போர்த்தி, பிரவின் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்தான். "சிறுதொழில் செம்மல்" என்றார் தனபாலன். நைனா முகம்மது அதைக் கழற்றி வெங்காய மூட்டைமேல் போட்டார். ஈரம் படாமல் இருக்க அது இன்றுவரை அங்கே உதவுகிறது.

"தங்கச்சி" என்று ஆரம்பித்தார் தனபாலன். "நீ தப்பாப் புரிஞ்சிக்கிட்ட. மன்றத்துக்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு நாற்காலி. கேக்குறவங்க எத்தன பேரு? ஒருத்தருக்கே குடுத்துட்டா மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும்ல? இப்ப பாரு, எல்லாருக்கும் குடுத்தாச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம், பயம், திருட்டுத்தனம், ஏதாவது ஒன்று தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த மனிதர் தான் சொன்னதை மனதார நம்பினார்.

"எல்லார்கிட்ட இருந்தும் எடுத்தாச்சு அங்கிள்" என்றாள் சாஹிரா.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சிரித்தார். அவர் கேட்டது சின்ன விஷயம். இந்த ஆய்வை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுத வேண்டும். பதிலுக்கு மாயாண்டிக்கு அந்த நாற்காலியை நிரந்தரமாகவே கொடுத்துவிடுவார். எங்கள் பல்கலைக்கழகத்துப் பரிசளிப்பு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். அங்கே மேடையில் வைத்துக் கொடுப்பார்.

"குடுக்கணும்னா நாளைக்கே அவங்க வீட்டுல கொண்டு போயி எறக்குங்க. மேடை எதுக்கு?"

"மேடை இல்லாம எப்படிம்மா குடுக்கிறது?" என்று கேட்டார் தனபாலன். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் குதித்தேன். எழுது, இன்றைக்கே எழுது, இவன் வந்து பேரம் பேசியதையும் சேர்த்து எழுது என்றேன். எனக்கு அப்போது கண் முன்னால் தெரிந்தது ஒரு பெரிய தலைப்பும் அதன் கீழே எங்கள் பெயர்களும். சாஹிராவும் எழுதத்தான் ஆரம்பித்தாள். அடுத்த நாள் மீனம்மா போன் செய்தார். மன்றத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"எழுதாதம்மா. உனக்குக் கோடிப் புண்ணியம். உன் படிப்பு உனக்கு முக்கியம்தான், இல்லேங்கல. எனக்கு அந்த நாற்காலி வந்தாப் போதும். என் இடுப்பு தாங்க மாட்டேங்குது."

போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் சொன்னாள், "எழுதினா நமக்கு ஏ கெடைக்கும். அவங்களுக்கு என்னா டி கெடைக்கும்?"

"நாலு பேருக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சா? நாலு பேரும் வந்து அவர இழுத்துட்டுப் போவாங்களா குளிக்க?"

அன்று அவளோடு சண்டை போட்டேன். கோழை என்றேன். அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் நாங்கள் இருவரும் செண்டோல் குடிக்கப் போனோம். இப்போது கேள்வி கேட்பவர்களே, அவள் எழுதாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். ஒரு பெண்மணியின் இடுப்பு.

செண்டோல் ஆய்வுக்கு எங்களுக்கு ஏ கிடைத்தது. அதோடு விட்டார்களா? அந்த ஆண்டின் சிறந்த புலனாய்வு என்ற பரிசும் எங்களுக்கே. "அச்சமின்றி உண்மையைத் தேடிய துணிச்சல்" என்று டாக்டர் தினேஷ்வரன் எழுதியிருந்தார். செண்டோலில் சீனி அதிகம் என்பதுதான் அந்த உண்மை. அதைச் சொல்ல எங்களுக்கு உண்மையிலேயே அச்சம் ஏற்படவில்லை.

விழா நாள் வந்தது. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், மாலை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. மாயாண்டியும் மீனம்மாவும் மன்றத்து வேனில் வந்து இறங்கினார்கள். மாயாண்டி ஊதாச் சட்டையில் இருந்தார். நாற்காலியை மேடைமேல் ஏற்றியிருந்தார்கள். புதிதாக ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே மஞ்சள் டேப்பின் நுனி பழையபடி தொங்கியது.

முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள். தனபாலன் கையால் சாஹிரா பரிசு வாங்கினாள். சான்றிதழ் உறையைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. அசல் பிறகு தபாலில் வருமாம். அடுத்து மாயாண்டி. இரண்டு பேர் தூக்கி அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் கை அங்கே நீண்டது, முகம் இங்கே திரும்பியது, கேமராக்கள் மின்னின. தனபாலன் அன்பே உருவாக அவர் தோளைத் தட்டினார். கைதட்டல். டாக்டர் தினேஷ்வரன் மேடையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார். மீதிப் படங்களைப் பிரவின் எடுத்து அனுப்பிவிடுவான். அவர் எழுத வேண்டிய செய்தியையும் மன்றம் முந்தின நாளே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது.

மேடையின் பக்கவாட்டில் சறுக்குப் பாதை வழியாக நாற்காலியைக் கீழே இறக்கினார்கள். இறக்கி முடித்ததும் பிரவின் குனிந்து, "ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. பேரு ஒட்டி வீட்டுக்கு அனுப்பிடுறோம்" என்றான்.

அடுத்து நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மாயாண்டி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. "சரிங்க, சரிங்க" என்று மீனம்மாவின் தோளைப் பிடித்து, இருந்த ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். நின்றதோடு இல்லாமல், "ரொம்ப நன்றிங்க" என்றும் சொன்னார். மீனம்மா அவர் கனத்தைத் தாங்கிக்கொண்டு சாஹிராவைப் பார்த்தார்.

சாஹிரா கையில் இருந்த காலி உறையை என்னிடம் தள்ளிவிட்டு வேகமாகப் போனாள். பட்டு பாஜு குரோங் உடையைச் சரிசெய்துகொண்டு அந்தச் சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஒட்டுங்க பேரு. நான் உக்காந்திருக்கேன்."

பிரவின் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். வயதுப் பெண், தலையில் தூடோங் முக்காடு, சுற்றிலும் கூட்டம். கையைப் பிடித்து இழுக்க முடியுமா? தனபாலன் ஓடி வந்தார். மேடையில் போட்டிருந்த சிரிப்பைக் கழற்ற அவருக்கு நேரம் இருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லுக்குள் சொன்னார். பிரவின் பழக்கதோஷத்தில் அதையும் ஒரு படம் எடுத்தான்.

"எங்க கொண்டு போறீங்களோ என்னையும் சேத்துக் கொண்டு போங்க அங்கிள். போற வழியில சிம்பாங் அம்பாட்ல எறக்கி விட்டுடுங்க."

மகள் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்த நைனா முகம்மது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நின்ற மாயாண்டியைப் பார்த்தார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. நேராகப் போய்க் கடை வேனின் பின்கதவைத் திறந்தார்.

"வண்டியில ஏறுற வரைக்கும் எறங்கிடாத" என்றார் மகளிடம்.

நான் தள்ளினேன். வெங்காய வாசம் அடித்த அந்த வேனில் சாஹிரா நாற்காலியோடு பின்னால் இருந்தாள். மாயாண்டி முன்சீட்டில் உட்கார்ந்து, "இப்படி எடுத்துட்டு வரலாமா? தலைவரு கோவிச்சுக்குவாரே" என்று வழியெல்லாம் புலம்பினார். வீட்டுக்குள் நாற்காலியை நிறுத்திவிட்டு, அதில் அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்பினோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நான் புலனாய்வு படித்த லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நைனா முகம்மதுவின் கடை வாசலில் கூட்டம். ஒருவர் இளநீரோடு வந்திருந்தார். ஒருவர் புள்ளைக்காக துஆ செய்கிறோம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாளிதழில் பாதிப் பக்கத்துக்குப் படம் வந்திருந்தது. சக்கர நாற்காலியில் சாஹிரா, குனிந்து சிரிக்கும் தனபாலன். தலைப்பு, "கால் ஊனத்தை வென்று சாதித்த மாணவி சாஹிரா: சக்கர நாற்காலி வழங்கினார் தனபாலன்." மன்றத்துச் செய்தியில் பரிசு வாங்கிய மாணவி ஒரு வரியிலும் நாற்காலி ஒரு வரியிலும் இருந்திருக்கின்றன. கோலாலம்பூரில் யாரோ படத்தைப் பார்த்து இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பித்தார்கள் என்றும் இருந்தது.

சாஹிரா டாக்டர் தினேஷ்வரனுக்குப் போன் செய்தாள். "தலைப்பு போடுறது என் வேல இல்லம்மா" என்றார். நாளிதழுக்குச் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படத்துல நாற்காலில உக்காந்திருக்கிறது நீங்கதானே?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போதுதான் மீனம்மாவின் போன் வந்தது.

"பேப்பரப் பாத்தோம்மா. நாற்காலி உனக்குன்னுல்ல போட்டிருக்கு? நீ சொல்லவே இல்லியே. எப்ப வந்து எடுத்துக்கிற?"

"ஆண்டி, அது தப்பு. அது அங்கிளோடது."

"பேப்பர்ல போட்டிருக்கேம்மா" என்றார் மீனம்மா. "அவரு காலையிலயே எறங்கிட்டாரு. மழ வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வா."

இருவரும் பறந்தோம்.

நாற்காலி வாசலில் நின்றது. சக்கரம், கம்பி எல்லாம் சோப்புப் போட்டுத் துடைத்திருந்தார்கள். சிவப்பு ரிப்பனை மடித்து இருக்கையில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ரஃபியா கயிறு கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் மாயாண்டி உட்கார்ந்திருந்தார். ஊதாச் சட்டை, கழுத்து வரை பொத்தான். என் தோளில் தொங்கிய கேமராப் பையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். சக்கர நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து சாஹிராவின் பக்கம் தள்ளிக் கொடுத்துக்கொண்டே, முகத்தை என் பக்கம் திருப்பிச் சிரித்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

"நீ எந்தப் பக்கம்மா நிக்கிற?" என்று அவளைக் கேட்டார்.

சாஹிரா நிற்கவில்லை. தனபாலனிடம் அழாதவள், மேடையில் அழாதவள், என்னிடம் கோழை என்று பேச்சு வாங்கியபோதும் அழாதவள், அந்த வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாயாண்டி பதறிப்போய் நாற்காலியைக் குனிந்து பார்த்தார், சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா அழுவுற? நல்லாத்தானே தொடச்சு வெச்சிருக்கேன்" என்றார்.